தண்ணீரில் கூடிய மாநாடு

எர்ணாகுளத்திலிருந்து வைப்பின் தீவுக்குப் பேருந்தில் போனால் கோஸ்ரீ பாலங்கள் வரும். 2004இல் அவை திறக்கும்வரை இந்தத் தீவுக்காரர்களுக்குப் படகுதான் வழி. முதல் பாலம் போய் இறங்குவது முளவுகாடு தீவில். பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் இடம்பெற்ற தாட்சாயணி வேலாயுதன் 1912இல் பிறந்த ஊர் அது. அவர் கைக்குழந்தையாக இருந்தபோது, 1913இல், தீவைச் சூழ்ந்த காயலில் ஒரு மாநாடு கூடியது.

கூட்டியவர்கள் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்ட புலையர்கள். கரை கொச்சி மன்னரின் மண், அங்கே கூட்டம் போட அவர்களுக்கு வழியில்லை. பொதுச்சாலையில் நடப்பதற்கே தடை இருந்த காலம். அதனால் வள்ளங்களைக் காயலுக்குள் கொண்டுபோய், ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி, பலகை பரப்பி மேடையாக்கிக்கொண்டார்கள். கவிஞர் பண்டிட் கே.பி. கருப்பனும் கிருஷ்ணாதி ஆசானும் முன்நின்றார்கள். தாட்சாயணியின் வீட்டாரும் அதில் இருந்தார்கள். புலைய மகாசபை பிறந்தது அங்கிருந்துதான்.

மன்னரை எதிர்த்து ஒரு கல்கூட எறியாமல், அவருடைய மண்ணை மட்டும் விட்டு விலகிப்போய்ப் பேசியிருக்கிறார்கள். இதைவிடக் கூர்மையான கண்டனம் எனக்குத் தெரியவில்லை.

மேலாடை அணிந்து வளர்ந்த முதல் தலைமுறைப் புலையப் பெண்களில் தாட்சாயணியும் ஒருவர். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் படித்தார். ஆய்வுக்கூடத்தில் சோதனையை அவருக்குச் செய்துகாட்ட உயர்சாதி ஆசிரியர் மறுத்தார். தள்ளி நின்று பார்த்தே கற்றுக்கொண்டார். 1935இல் பட்டம் பெற்றார். இந்தியாவில் பட்டம் பெற்ற முதல் தலித் பெண் அவர்தான். பிறகு பள்ளி ஆசிரியை வேலை. 1940இல் சேவாகிராமத்தில் காந்தியின் முன்னிலையில் திருமணம். சடங்கை நடத்திவைத்தவர் ஒரு தொழுநோயாளி.

1945இல் கொச்சி சட்டசபையில் நியமன உறுப்பினரானார். மறு ஆண்டே, 34 வயதில், சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குப் போனார். அங்கிருந்த 15 பெண்களில் தலித் அவர் ஒருவரே. தனித்தொகுதிகளை எதிர்த்தார், அம்பேத்கருடன் மாறுபட்டும் பேசினார். தன் சமூகத்தைப் பிரித்து நிறுத்தும் எதையும் அவர் ஏற்கவில்லை. அந்த நிலைப்பாட்டோடு எனக்கு முழு உடன்பாடில்லை. பேசிய துணிச்சலை வணங்குகிறேன்.

1948 நவம்பர் 29 அன்று தீண்டாமை ஒழிப்புப் பிரிவு விவாதத்துக்கு வந்தது. இன்றைய 17ஆவது பிரிவு அது. ஆதரித்துப் பேசிய தாட்சாயணி, சட்டம் எழுதினால் மட்டும் போதாது, இனி மக்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்றும் சொன்னார்.

கடைசிக் காலத்தில் டெல்லியில் துப்புரவு வேலை செய்யும் பெண்களிடையே பணியாற்றினார். 1977இல் மகிளா ஜாக்ரிதி பரிஷத் அமைப்பைத் தொடங்கினார். மறு ஆண்டு காலமானார்.