ஆண்டுக்கு ஒரு கன்று

நாவலும் கவிதையும் பேசும் இந்த அரங்கில் இன்று ஒரு மாட்டு மந்தையின் வரலாற்றைச் சொல்லப்போகிறேன். பால் மாடு அல்ல, இறைச்சிக்காக வளர்க்கும் மாடு. செவிலியான எனக்கு இந்த வரலாற்றில் ஒரு வழக்கு இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வேதாகமத்தில் முதலாம் சாமுவேல் புத்தகத்தில் ஒரு சோதனை வருகிறது. பெலிஸ்தர் உடன்படிக்கைப் பெட்டியைத் திருப்பி அனுப்பும்போது, கன்றுகளை வீட்டில் அடைத்துவிட்டுத் தாய்ப்பசுக்கள் இரண்டை வண்டியில் பூட்டுகிறார்கள். கன்றைத் தேடித் திரும்பாமல் அவை நேரே போனால் அது தெய்வச் செயல் என்பது கணக்கு. பசு தானாகக் கன்றை விட்டுப் போகாது என்று அன்றைக்கே அவர்களுக்குத் தெரியும்.

மேய்ச்சல் பண்ணையின் பிழைப்பே இதை நம்பித்தான் இருக்கிறது. பசு மனிதக் கண் படாத வெளியில் ஈனுகிறது. கன்றை நக்கி எழுப்பி, பால் கொடுத்து, ஓநாயிடமிருந்து காத்து, ஏழெட்டு மாதம் வளர்த்துக் கொடுக்க வேண்டும். அந்தக் கன்றுதான் பண்ணையின் வருமானம். ஆனால் அமெரிக்காவில் நெடுங்காலம் காளையின் தோற்றத்துக்கே பரிசு கொடுத்தார்கள். 1940களில் கண்காட்சிகளில் குட்டையான, திரண்ட மாடுகள் வென்றன. அடுத்த பத்தாண்டுகளில் ஹியர்ஃபோர்டு, ஆங்கஸ் மந்தைகளில் குள்ளக் கன்றுகள் பிறந்தபோதுதான் அந்த மோகம் தெளிந்தது. பிறகு பெரிய உடல்மேல் ஆசை வந்தது. பெரிய கன்றுகள் பிறப்பு வழியில் சிக்கின.

தாய்க்குணம் காளையின் உடம்பில் தெரியாது என்பதுதான் சிக்கல். அதன் மகள் பிறந்து, வளர்ந்து, ஈன்று, கன்றை வளர்த்து, மறுபடி சினை பிடிக்கிறதா என்று பார்ப்பதற்குள் ஐந்தாறு ஆண்டுகள் ஓடிவிடும்.

இதற்கு டாம் லசாட்டர் ஒரு வழி கண்டார். தெற்கு டெக்சாஸின் ஃபால்ஃபூரியாஸில் அவருடைய தந்தை எட் லசாட்டர் 1908இலேயே திமில் கொண்ட காளைகளை வாங்கிப் பசுக்களோடு சேர்த்தவர். அமெரிக்கர் பிராமன் என்று அழைக்கும் இனம் அது. கீர், காங்கிரேஜ் போன்றவற்றோடு நெல்லூர் மாட்டின் இரத்தமும் அந்த இனத்தில் உண்டு. அன்றைய சென்னை மாகாணத்து மாடு, வெயிலையும் உண்ணியையும் தாங்கும் தன் தோலை டெக்சாஸுக்குக் கொடுத்திருக்கிறது. தந்தை இறந்தபின் பொறுப்பேற்ற டாம், 1931 முதல் பிராமன், ஹியர்ஃபோர்டு, ஷார்ட்ஹார்ன் மூன்றையும் கலந்தார். அப்படி உருவான பீஃப்மாஸ்டரை 1954இல் அமெரிக்க வேளாண் துறை தனி இனமாக ஏற்றது.

அவர் பார்த்தவை ஆறு: குணம், சினை பிடிக்கும் திறன், எடை, உடலமைப்பு, தாங்குதிறன், பால். நிறத்தையும் கொம்பையும் பொருட்படுத்தவில்லை. கிடாரி இரண்டு வயதில் ஈன வேண்டும். அதன்பின் ஆண்டுதோறும் யார் உதவியும் இல்லாமல் ஒரு கன்றை வளர்த்துக் காட்ட வேண்டும். தவறினால் விற்றுவிடுவார். இதற்கு அவர் சலுகையே கொடுக்கவில்லை.

கேட்க எளிது. கணக்கைப் பாருங்கள். பசுவின் சினைக்காலம் சுமார் 283 நாள். ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமானால் ஈன்ற 82 நாளுக்குள் மறுபடி சினை பிடிக்க வேண்டும். கருப்பை பழைய நிலைக்கு வரவே சுமார் 40 நாள் ஆகும். பசு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். ஆக இரண்டே வாய்ப்பு. தலையீற்றுக் கிடாரிக்கு இன்னும் கடினம். தானும் வளர்ந்துகொண்டே பாலும் கொடுக்க வேண்டும். புல் குறைந்தால் உடம்பு முதலில் கைவிடுவது அடுத்த சினையைத்தான். அதனால் பால் மிகுந்த பசுவே சிறந்த தாய் என்றும் சொல்ல முடியாது. வறண்ட நிலத்தில் அது மெலிந்து, மறு ஆண்டு வெறும் வயிறாக நிற்கும்.

மடியும் முக்கியம். நம் குழந்தைகள் நஞ்சுக்கொடி வழியாகவே தாயின் எதிர்ப்புச் சக்தியைப் பெற்றுப் பிறக்கின்றன. கன்றுக்கு அந்த வழி இல்லை. சீம்பால்தான் எல்லாம், அதுவும் முதல் நாளுக்குள் குடித்தாக வேண்டும். காம்பு பருத்துத் தொங்கினால் பச்சைக் கன்றால் கவ்வ முடியாது. உதவாமல் விடும் விதி இத்தகைய மடிகளையும் மந்தையிலிருந்து மெல்ல நீக்கிவிடுகிறது.

இனி என் வழக்கு. லசாட்டரின் விதி மந்தைக்குச் சரி. ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஆள் தேவைப்படும் மந்தையை அந்தப் பரந்த வெளியில் நடத்த முடியாது. ஆனால் இதே நாட்டில், அவருக்கு முன்பே, சிலர் இந்தக் கண்ணோடு மனிதர்களையும் பார்த்தார்கள். 1903இல் தொடங்கிய அமெரிக்க இனப்பெருக்கச் சங்கம் பயிர், கால்நடைகளுக்கானது. 1906இல் அது மனித இன மேம்பாட்டுக்கென்று ஒரு குழு அமைத்தது. அந்த எண்ணம் பரவி, 1927இல் வர்ஜீனியாவின் கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கருத்தடை செய்ய உச்ச நீதிமன்றமே அனுமதித்தது. அறிவு குறைந்தவள், அப்படிப்பட்ட பரம்பரை என்பது காரணம். அவள் வன்முறைக்கு ஆளாகிக் கருவுற்றவள். அந்தக் குழந்தை விவியன் பின்னர் பள்ளியில் நன்றாகப் படிப்பவர்களின் பட்டியலில் இடம்பெற்றாள். எட்டு வயதில் இறந்துபோனாள்.

பண்ணைக்காரர் பசுவை விலைக்கு வாங்கியவர், விற்கும் உரிமை உடையவர். ஒரு பெண்ணின் தாய்மைக்கு மதிப்பெண் போடும் அந்த உரிமை எந்த அரசுக்கும் இல்லை. பண்ணையின் ஏட்டில் ஓர் ஆண்டு காலியாக இருந்தால் அந்தப் பசு சந்தைக்குப் போகும். மருத்துவமனை ஏட்டில் ஒரு தாயின் பெயருக்கு எதிரே காலியாக இருந்தால், செவிலிக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு ஏடுகளும் ஒரே மாதிரிதான் இருக்கும். எது யாருடையது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.