வெடிப்பது சுவர்: பெருந்தமனி வீக்கத்தில் குருதி ஓட்ட மாதிரிகளுக்கு உரிய இடம்

வயிற்றுப் பெருந்தமனியின் இயல்பான விட்டம் சுமார் 2 செ.மீ. அது 3 செ.மீ.-ஐ எட்டினால் வீக்கம், அதாவது அனியூரிசம். ஆண்களுக்கு 5.5 செ.மீ. ஆனதும் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு தொடங்குகிறது. பிரிட்டனில் 1998-இலும் அமெரிக்காவில் 2002-இலும் முடிவுகள் வெளியான பெரும் சோதனைகள் இந்த வரம்புக்கு வலுச் சேர்த்தன. ஆனால் தொகுதிக்குப் பொருந்தும் வரம்பு தனியாளைக் கைவிடலாம். டார்லிங் குழுவினர் 1977-இல் வெளியிட்ட பிணக்கூறாய்வுத் தொகுப்பில் 473 வீக்கங்களில் 118 வெடித்திருந்தன. 5 செ.மீ.-க்கு உட்பட்டவற்றிலும் ஏறத்தாழ எட்டில் ஒன்று வெடித்திருந்தது; அதைவிடப் பெரியவற்றில் பாதிக்கு மேல் வெடிக்காமலே இருந்துவிட்டன. விட்டம் சொல்லாததைக் கணினி வழிக் குருதி ஓட்டக் கணிப்பு சொல்லும் என்ற நம்பிக்கை இந்த இடைவெளியில்தான் வளர்ந்தது. அந்த நம்பிக்கையின் ஒரு பாதி தவறான இடத்தில் வைக்கப்பட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சிறு கணக்கே போதும். சுருங்கழுத்தம் 120 மி.மீ. பாதரசம் என்பது 16 கிலோபாஸ்கல். சுவரின் தடிப்பு 1.5 மி.மீ. எனக் கொண்டால், லாப்லாஸ் விதிப்படி (அழுத்தம் × ஆரம் ÷ தடிப்பு) 2 செ.மீ. விட்டமுள்ள குழாயில் சுற்றுத் தகைவு ஏறத்தாழ 107 கிலோபாஸ்கல், 5.5 செ.மீ.-இல் 290-ஐத் தாண்டுகிறது. இனி ஓட்டத்தின் பங்கைப் பார்ப்போம். நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் வரும் குருதி சுவரில் மோதி முற்றிலும் நின்றாலும் கூடும் அழுத்தம் சுமார் 130 பாஸ்கல், அதாவது 1 மி.மீ. பாதரசம். குருதி சுவரை உரசுவதால் எழும் சறுக்குத் தகைவோ ஓரிரு பாஸ்கல் அளவே. சுவரைக் கிழிக்கும் சுமையில் இவற்றுக்கு இடமில்லை என்றே சொல்லலாம். வண்ண வண்ணச் சுழல் படங்களைக் காட்டி ‘இங்கேதான் வெடிக்கும்’ என்று விரல் நீட்டும் கட்டுரைகள் இந்தக் கணக்கைக் கடந்தே செல்கின்றன.

வெடிப்பு ஆய்வில் முன்னேற்றம் தந்தவை பெரும்பாலும் ஓட்டத்தையே கணக்கில் எடுக்காத மாதிரிகள். ஃபில்லிங்கர் குழு 2002, 2003 ஆண்டுகளில் சி.டி. படத்திலிருந்து வீக்கத்தின் உண்மையான வடிவத்தை எடுத்து, நோயாளியின் குருதியழுத்தத்தை அதன்மேல் ஏற்றி, உச்சத் தகைவு விட்டத்தைவிட நன்றாக ஆபத்தைப் பிரித்தறிவதைக் காட்டியது. அங்கும் ஒரு பெரிய ஓட்டை உண்டு: தடிப்பு. ராகவன் குழு 2006-இல் அளந்தபோது அது வெடித்த இடத்தில் 0.23 மி.மீ., சுண்ணாம்பு படிந்த ஓரிடத்தில் 4.26 மி.மீ.; 18 மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு. லாப்லாஸ் விதியில் தடிப்பு வகுஎண்ணாக நிற்கிறது. அதைச் சீரானதென்று எடுத்துக்கொண்டுவிட்டு, ஓட்டக் கணிப்பின் கணக்கீட்டு வலைப்பின்னலை இன்னும் நுணுக்கமாக்குவதில் என்ன பயன்?

அப்படியானால் ஓட்டம் பொருட்டல்லவா? பொருட்டுதான், ஆனால் வேறொரு கேள்விக்கு: சுவர் ஏன் நலிகிறது? இரண்டாம் உலகப் போரில் முழங்காலுக்கு மேல் கால் இழந்தவர்களை ஆராய்ந்த ஃபோல்மார் குழு 1989-இல் அவர்களில் 5.8 விழுக்காட்டினரிடம் வீக்கம் கண்டது. ஒப்பீட்டுக் குழுவில் 1.1 மட்டுமே. ஒரு காலுக்குச் செல்லும் ஓட்டம் குறைந்ததும், மேலே பெருந்தமனியில் ஓட்டத்தின் வடிவம் மாறுகிறது. கால் இழக்காதவரிடமும் ஓய்வில் சிறுநீரகங்களின் தடை குறைவு, கால்களின் தடை மிகுதி. ஆதலால் ஒவ்வொரு துடிப்பின் பிற்பகுதியிலும் சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே குருதி சற்றுப் பின்வாங்குகிறது. வீக்கம் பெரும்பாலும் தோன்றுவதும் அங்கேதான். திசை மாறி மாறி வரும் இந்த மெல்லிய உரசலை அகப்படலச் செல்கள் உணர்ந்து அழற்சியால் எதிர்வினை காட்டுகின்றன. தேங்கும் இடத்தில் குருதி உறைகிறது. தடித்த உறைவின் அடியிலுள்ள சுவருக்கு ஆக்சிஜன் குறைகிறது. பாய்ட் குழு 2016-இல் ஆராய்ந்த வெடித்த வீக்கங்களில், வெடிப்பிடங்கள் சறுக்குத் தகைவு குறைந்த, உறைவு படிந்த பகுதிகளாகவே பெரும்பாலும் இருந்தன. ஓட்டம் தாக்கிய இடங்களில் அல்ல, சோர்ந்த இடங்களில். ஒரு பாஸ்கல் சுமையாக ஒன்றுமில்லை. செல்லுக்குச் செய்தியாகப் பெரிது.

ஓட்டம் சுவரை நலியச் செய்கிறது என்ற இந்தக் கருதுகோளுக்கும் ஒரு தடை உண்டு. கால்களுக்குப் பயிற்சி கொடுத்தால் பின்னோட்டம் மறைகிறது என்பதை ஸ்டான்ஃபோர்டில் டெய்லர் குழு எம்.ஆர்.ஐ. அளவீட்டால் காட்டியது. ஆனால் சிறு வீக்கமுள்ளவர்களிடம் நடத்தி 2014-இல் வெளியான சோதனையில் உடற்பயிற்சி வீக்கத்தின் வளர்ச்சியை மாற்றவில்லை. சிறிது நேரப் பயிற்சி, மற்ற நேர ஓய்வை ஈடுகட்டப் போதவில்லை என்றும் வாதிடலாம். வீக்கம் உருவான பின் ஓட்டத்தின் பிடி தளர்ந்துவிடுகிறது என்றும் வாதிடலாம். எனக்கு இரண்டாவது விளக்கமே உண்மைக்கு நெருக்கமாகத் தோன்றுகிறது. அதைச் சோதிக்க, ஒரே நோயாளியின் ஓட்டத்தையும் வளர்ச்சியையும் ஆண்டுக்கணக்கில் அடுத்தடுத்து அளக்க வேண்டும். அந்த அளவீடுகளைக் கொண்டு கட்டும் ஓட்ட மாதிரியில் உள்நுழையும் அலையை வேறு யாரோ ஒரு நலமான இளைஞரிடமிருந்து கடன் வாங்க முடியாது. வெளியேறும் கிளைகளின் தடையையும் ஊகமாக வைத்துவிட முடியாது. பின்னோட்டத்தின் அளவைத் தீர்மானிப்பதே அந்தத் தடைதான்.