பேரேட்டுச் சாட்சி

அந்த நாளில் சீர்காழிப் பக்கத்துக் குடியானவன் நெல் விற்ற பணத்தைக் கடனுக்குக் கட்டினால், புரோநோட்டின் முதுகில் வரவு வைத்ததைக் கண்ணால் பார்த்த பிறகே வீடு திரும்புவான். லேவாதேவிக்காரருக்கும் அதில் லாபம்தான்: கடனாளி கையெழுத்திட்ட வரவினால் மூன்று வருஷக் கெடு புதிதாகத் தொடங்கும்.

வரவு விட்டுப்போய், விவகாரம் முன்சீப் கோர்ட்டுக்கு வந்தால்? லேவாதேவிக்காரரின் பேரேடும் சாட்சிதான். ஆனால் அதில் எழுதியிருப்பதை மட்டும் வைத்து எவர் தலையிலும் கடனைக் கட்டமுடியாது என்றது 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம், 34-வது பிரிவு. வெள்ளைக்காரன் எழுதிய சட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 2023-இல் வந்த புதுச் சட்டமும் இதை விட்டுவிடவில்லை.

இன்றோ நம் பேரேடு மும்பையில் இருக்கிறது. 2000-இல் தோன்றிய சிபிலும் அதன் சகபாடிகளும் நம் கடன் ஜாதகத்தை எழுதிவைத்திருக்கிறார்கள். கட்டிய தவணை கட்டாததாக அதில் ஏறிவிட்டால் வழக்குமில்லை, விசாரணையுமில்லை. அடுத்த கடனுக்குப் போகும்போது பாங்கியில் கையை விரிப்பார்கள்.

திருத்தக் கோரலாம், 2005-ஆம் வருஷத்துச் சட்டம் 30 நாள் கெடு வைத்திருக்கிறது. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: தப்பாக எழுதியனுப்பிய பாங்கியே 'திருத்தம் சரி' என்று சான்று சொன்னால்தான் ஏட்டில் கை வைப்பார்கள்! கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் தரவேண்டும் என்ற ரிசர்வ் பாங்கியின் உத்தரவு 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அது தாமதத்துக்கான தொகை, தப்புக்கு அல்ல.