வைத்தியர் கிறீன் விட்டுச்சென்ற சொற்கள்

பாடசாலை நாள்களில் துவிச்சக்கரவண்டியில் மானிப்பாயைக் கடந்து சென்றவர்கள் எம்மிற் பலர். அங்குள்ள கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையின் பெயர்ப்பலகையை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறோம். அந்தக் கிறீன் யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. மருத்துவம் படித்து, நோயாளர் முன் சொல்லுக்குத் தடுமாறிய பின்னரே அவரைத் தேடிப் படித்தோம். எமது சங்கத்தின் நூற்றாண்டு மலரில் அவரை நினைவுகூர்வது பழைய கடன் ஒன்றைத் தீர்ப்பது போன்றது.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822 இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்தார். நியூயோர்க்கில் மருத்துவம் கற்று 1845 இல் பட்டம் பெற்றார். அமெரிக்க மிஷனின் வைத்தியராக 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டு மானிப்பாயில் பணி தொடங்கினார். சத்திரசிகிச்சைக்கு ஈதர் மயக்கமருந்து பாவிக்கத் தொடங்கி அப்போது ஓராண்டே ஆகியிருந்தது. கிருமிகளால் நோய் வருகிறது என்பது இன்னும் நிறுவப்படவில்லை. வாந்திபேதி ஊர் ஊராகப் பரவிய காலம் அது.

வந்த சில மாதங்களிலேயே உள்ளூர் இளைஞருக்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆனால் ஆங்கிலத்திற் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியே போக, கிராமங்கள் வைத்தியரின்றியே கிடந்தன. மாணவர் ஐரோப்பிய உடைக்கு மாறித் தம்மவரிடமிருந்து விலகுவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. எனவே 1864 இல் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். அவரிடம் இரு மொழியிலும் பயின்று வெளியேறியோர் 60 இற்கும் மேற்பட்டோர்.

தமிழிற் கற்பிக்க நூல்கள் வேண்டுமல்லவா? தமிழ் கற்றுத் தேர்ந்த அவர், தம் மாணவரையும் சேர்த்துக்கொண்டு ஆங்கில மருத்துவ நூல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர்த்தார். ‘பிரசவ வைத்தியம்’ 1857 இல் வந்தது. ‘இரண வைத்தியம்’ 1867 இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872 இலும், ‘கெமிஸ்தம்’ 1875 இலும் வெளிவந்தன. எல்லாமாக 4000 பக்கங்களுக்கு மேல். சொல்லாக்கத்தில் அவர் ஓர் ஒழுங்கைக் கைக்கொண்டார். முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுவார். அது கிடைக்காவிடில் வடமொழிச் சொல். அதுவும் பொருந்தாவிடில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவார்.

இதைப் படித்தபோது எமக்கு நினைவில் வந்தது எமது பயிற்சிக் காலத்தில் நடந்த ஒன்று. கர்ப்பிணித் தாயொருவரிடம், “பிரஷர் கொஞ்சம் கூட. சிம்ரம்ஸ் ஏதும் வந்தால் உடனே அட்மிற் ஆகுங்கோ” என்றோம். அவர் தலையாட்டினார். வெளியே போய்த் துப்புரவுத் தொழிலாளியிடம், “டொக்டர் என்ன சொன்னவா?” என்று கேட்டாராம். தலையிடியும் கண் மங்கலும் வந்தபோது வெயிலால் வந்ததென்று வீட்டிலேயே படுத்திருக்கிறார். மூன்றாம் நாள் வலிப்புடன் கொண்டுவந்தார்கள். தாயும் பிள்ளையும் தப்பியது அதிர்ஷ்டம். தலையிடி, கண் மங்கல், வலிப்பு எல்லாம் எமக்குத் தெரிந்த சொற்களே. அன்று அவை எமது வாயில் வரவில்லை. பிரசவ மருத்துவம் தமிழில் அச்சாகி ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து நடந்தது இது.

வைத்தியர் கிறீன் 1873 இல் தாயகம் திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் நூல்களைத் திருத்தி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிக்கொண்டேயிருந்தார். 1884 மே 28 அன்று, 61 ஆம் வயதில், பிறந்த ஊரிலேயே காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்பதையே தம் கல்லறையில் பொறிக்கவேண்டும் என்பது அவர் விருப்பம்.

அவர் சமயம் பரப்ப வந்தவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவரது வகுப்பில் எம்போன்ற பெண்களுக்கு இடமிருக்கவில்லை என்பதும் உண்மை. பெண்களுக்கென இணுவிலில் மக்லியோட் வைத்தியசாலை எழ அந்நூற்றாண்டின் இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் சென்ற பின் தமிழ்வழி மருத்துவக் கல்வியும் நெடுநாள் நிலைக்கவில்லை. இன்று எமது மருத்துவபீடங்களில் ஆங்கிலமே போதனாமொழி. அதை மாற்றுமாறு நாம் கேட்கவில்லை. ஆங்கிலத்திற் கற்றதை நோயாளரிடம் அவர் மொழியிற் சொல்வது எமது கடமை என்றே சொல்கிறோம்.

எமது பாடசாலையிலிருந்து மருத்துவத்துக்குச் சென்ற சகோதரிகள் இன்று பல நாடுகளில் இருக்கிறீர்கள். உங்கள் வைத்தியசாலைக்கும் தமிழ் மட்டுமே தெரிந்த அம்மம்மா ஒருவர் வரக்கூடும். அவர் வெளியே போய் இன்னொருவரிடம் கேட்காதபடி சொல்லி அனுப்புங்கள். மானிப்பாயில் உழைத்த அந்த வைத்தியருக்கு நாம் செலுத்தக்கூடிய அஞ்சலி அதுதான்.