கட்டியிலிருந்து பிறந்த குருத்தணு

நெறிதவறிய உயிரணு மீண்டும் இயல்புக்குத் திரும்பாது என்பது, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை புற்றுநோய் பற்றிப் பரவலாக நிலவிய கருத்து. அதை அசைத்தது அருவருப்போடு பார்க்கப்பட்டுவந்த ஒரு கட்டி. மயிர், பல், எலும்பு, தசை, நரம்புத் திசு ஆகியவை ஒழுங்கின்றிக் கலந்து வளரும் அக்கட்டிக்கு, விகார உருவைச் சுட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து டெரட்டோமா என்ற பெயர் வந்தது. அதனுள் முதிராமல் பெருகிக்கொண்டேயிருக்கும் கருப் புற்றணுக்களும் இருந்தால் அது டெரட்டோகார்சினோமா. மனிதரில் இது பெரும்பாலும் விந்தகத்திலும் சூலகத்திலும் தோன்றுகிறது. குதிரையின் இறங்காத விந்தகத்தில் மயிரும் பல்லும் கொண்ட டெரட்டோமாவைக் காண்பது கால்நடை மருத்துவர்க்குப் புதிதன்று. 1920-களில் மிகலோவ்ஸ்கி என்பவர் சேவலின் விந்தகத்தில் துத்தநாகக் குளோரைடைச் செலுத்தி இத்தகைய கட்டியை உண்டாக்கியும் காட்டினார். ஆனால் தலைமுறை தலைமுறையாக வளர்த்து ஆராய்வதற்கு ஏற்ற விலங்கு அகப்படவில்லை.

அது அகப்பட்ட கதையில் புகையிலைக்கும் பங்குண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில், லெராய் ஸ்டீவன்ஸ் புகையிலைத் தொழிலின் நிதியில் எலிகளை ஆராய்ந்துவந்தார். சிகரெட்டின் தீங்கு புகையிலையிலிருந்து வருகிறதா, அதைச் சுற்றிய தாளிலிருந்து வருகிறதா என்பது அவருக்கு இடப்பட்ட வினா. 1953-இல் '129' என்னும் மரபுவழியைச் சேர்ந்த எலி ஒன்றின் விதைப்பை வீங்கியிருந்ததைக் கண்டார். உள்ளே இருந்தது டெரட்டோமா. புகையிலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இட்ட பணியோடு நின்றிருந்தால் அந்த எலி குப்பைக்குப் போயிருக்கும். ஸ்டீவன்ஸ் அதன் உறவினங்களைத் தேடினார்; அம்மரபின் ஆண் எலிகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றில் இக்கட்டி தானாகவே தோன்றுவதைக் கண்டார். ஆய்வகத்தின் நிறுவனர் கிளாரன்ஸ் லிட்டிலுடன் இணைந்து அவர் எழுதிய கட்டுரை 1954-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் லிட்டில், புகையிலைத் தொழிலார் அமைத்த ஆய்வுக் குழுவின் அறிவியல் தலைமையை ஏற்றார். அவருடைய பெயர் பின்னர் எதற்காக நினைக்கப்பட்டது என்பது வேறு கதை.

ஸ்டீவன்ஸ் அடுத்த பல ஆண்டுகளை இந்த ஒரே கட்டிக்குச் செலவிட்டார். எலிக் கருவின் விந்தக முன்னுருவை எடுத்து முதிர்ந்த எலியின் விந்தகத்தில் ஒட்டினால் கட்டி வளர்ந்தது. ஆனால், இனப்பெருக்க உயிரணுக்களே உருவாகாத பிறழ்வுடைய கருவிலிருந்து எடுத்து ஒட்டியபோது கட்டி தோன்றவில்லை. கட்டியின் மூலம் இனப்பெருக்க உயிரணுவே என்பது இவ்வாறு தெளிவாயிற்று. அதைவிட ஆழமான முடிவு அடுத்து வந்தது. எந்தக் குறையுமில்லாத இளங்கருவையே முதிர்ந்த விந்தகத்துள் வைத்தபோது, அதுவும் டெரட்டோகார்சினோமாவாகியது. கருப்பையில் எலிக்குட்டியாகியிருக்க வேண்டியது, இடம் மாறியதால் புற்றாயிற்று.

இதன் எதிர்த்திசை மெய்யாகுமா? புற்றணுவைக் கருவுக்குள் வைத்தால் அது அடங்குமா? அதற்கு முன், கட்டியிலுள்ள பல திசுக்களும் ஒரே வகை உயிரணுவிலிருந்து வந்தவையா என்பதை அறிய வேண்டியிருந்தது. 1964-இல் கிளைன்ஸ்மித்தும் பியர்சும் தனித்தனிப் புற்றணுக்களை எலிகளில் செலுத்தி, ஒற்றை அணுவிலிருந்தே பத்துக்கும் மேற்பட்ட திசு வகைகள் கொண்ட கட்டி வளர்வதைக் காட்டினர். 1975-இல் பீட்ரிஸ் மின்ட்சும் கார்ல் இல்மென்சியும், எட்டு ஆண்டுகளாக எலிகளின் வயிற்றறையில் மாற்றி மாற்றி வளர்க்கப்பட்ட புற்றணுக்களை இயல்பான கருக்கோளத்துள் செலுத்தினர். பிறந்த குட்டிகளின் உடலில் இரு வழி உயிரணுக்களும் கலந்திருந்தன. ஆண் எலி ஒன்றின் விந்தணுக்கள்கூடப் புற்றின் வழிவந்தவை. இதைக்கொண்டு புற்று முழுவதும் மீளக்கூடியது என்று கொள்வது மிகையாகும். அதே ஆண்டில் பாப்பாயோவானு, மக்பர்னி, கார்ட்னர், எவன்ஸ் ஆகியோர் செய்த சோதனையில் கலப்பெலிகள் சிலவற்றுக்குக் கட்டிகளும் தோன்றின. புற்றணுக்களில் பலவற்றின் குரோமோசோம்கள் சிதைந்திருந்தமையே பெருந்தடை.

கட்டியை விட்டுக் கருவிலிருந்தே நேரடியாக அவ்வணுவைப் பெறும் முயற்சி அத்தடையிலிருந்துதான் எழுந்தது. 1981-இல் மார்ட்டின் எவன்சும் மேத்யூ காஃப்மனும் ஒருபுறம், கெய்ல் மார்ட்டின் மறுபுறம், எலிக் கருக்கோளத்திலிருந்து கருக் குருத்தணுக்களை, அதாவது ஸ்டெம் செல்களை, வளர்த்தெடுத்தனர். எவன்ஸ் பயன்படுத்தியது 129 மரபு எலி. மார்ட்டின் பயன்படுத்தியது டெரட்டோகார்சினோமா அணுக்கள் வளர்ந்த ஊட்ட நீர். கட்டியின் துணையின்றி இரண்டுமே நிகழ்ந்திரா. 2007-இல் எவன்ஸ் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது ஸ்டீவன்சின் பெயர் பரவலாகப் பேசப்படவில்லை. இது அறிவியல் வரலாற்றின் பழைய குறை.

மருத்துவமனையில் இக்கட்டியின் போக்கை மாற்றியது வேறொரு தற்செயல். மின்புலத்தில் பாக்டீரியாவை ஆராய்ந்த பார்னெட் ரோசன்பெர்க், பிளாட்டினம் மின்முனையிலிருந்து கசிந்த சேர்மம் உயிரணுப் பிரிவைத் தடுப்பதை 1965-இல் வெளியிட்டார். அதிலிருந்து வந்த சிஸ்பிளாட்டினை 1974 முதல் இந்தியானாவில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் விந்தகப் புற்றுக்குக் கூட்டு மருந்தாகக் கொடுத்தார். பரவிய நிலையிலும் பெரும்பாலோர் பிழைக்கத் தொடங்கினர். மருந்துக்குப்பின் சிலரின் வயிற்றில் எஞ்சிய திரளை அறுவை மருத்துவர் எடுத்துப் பார்த்தால், புற்றணு அழிந்து முதிர்ந்த டெரட்டோமா மட்டுமே இருக்கும். எலியில் கண்ட உறவே இங்கும் தெரிந்தது. முதிர்ந்த திசு மருந்துக்கு மசியாது. அதைக் கத்தியால்தான் அகற்ற வேண்டும்.

இது பெரும்பாலும் இளைஞரைத் தாக்கும் நோய். இறங்காத விந்தகம் உடையோர்க்கு வாய்ப்பு மிகுதி. ஸ்டீவன்சின் கட்டுரை வெளியான 1954-இல்தான் அடையாற்றில் முத்துலட்சுமி ரெட்டி நிறுவிய புற்றுநோய் நிலையம் செயல்படத் தொடங்கியது. குருத்தணு பிறந்த 1981-இல் திருவனந்தபுரத்தில் மண்டலப் புற்றுநோய் மையம் அமைந்தது. பாலக்காட்டுச் சித்தூரிலோ இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களிலோ வாழும் தமிழ் இளைஞனுக்கு, அந்த மருந்து இருப்பதும் அது எட்டும் தொலைவில் இருப்பதும் ஒன்றல்ல. கூச்சத்தால் மறைத்த வீக்கத்துக்கு மலையிறங்கும் முடிவு எப்போது எடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே சிகிச்சையின் கடுமை அமைகிறது.

1998-இல் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருக் குருத்தணுவைப் பெற்றபோது, அதன் ஆற்றலை மெய்ப்பிக்க எதிர்ப்பாற்றல் குன்றிய எலியில் செலுத்தினார். மூன்று கருப்படலங்களின் திசுக்களும் கொண்ட டெரட்டோமா வளர்ந்தது. 2006-இல் யாமனாக்கா தோல் உயிரணுவைப் பின்னோக்கித் திருப்பியபோதும் இதே சோதனை. ஆனால் அவ்வணுக்களிலிருந்து ஆக்கிய திசுவை நோயாளிக்குப் பொருத்துமுன், அத்தகைய கட்டியை வளர்க்கும் ஓர் அணுகூட எஞ்சவில்லை என்று காட்ட வேண்டியிருக்கிறது.