தெரோன், சார்லீஸ்

சார்லீஸ் தெரோன் (பிறப்பு: ஆகஸ்ட் 7, 1975) மாடலாகத் தொழில் தொடங்கி ஹாலிவுட் நடிகையாகவும் தயாரிப்பாளராகவும் உயர்ந்த தென்னாப்பிரிக்கர். ஜோகன்னஸ்பர்க் அருகேயுள்ள பெனோனியில் பிறந்தவர், தாய்மொழி ஆப்பிரிகான்ஸ். பதின்பருவத்தில் மாடலிங் போட்டியில் வென்று இத்தாலி சென்றார். பின்னர் நியூயார்க்கில் பாலே பயின்றபோது முழங்காலில் ஏற்பட்ட காயம் இவரை நடிப்பின் பக்கம் திருப்பியது. ‘மான்ஸ்டர்’ (2003) படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருது பெற்றார். நடிப்புக்காக அவ்விருதை வென்ற முதல் தென்னாப்பிரிக்கர் இவரே.

திரைப்புகழுக்கு இணையாகக் குறிப்பிடத்தக்கது தாய்நாட்டு இளைஞர்களுக்கான இவரது பணி. எச்.ஐ.வி. தொற்றிலிருந்து இளையோர் தம்மைக் காத்துக்கொள்ள உதவும் நோக்கில் 2007இல் தம் பெயரில் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். ஊரின் தேவையறிந்த உள்ளூர் அமைப்புகளுக்கு நிதியளித்து அவற்றின் வழியாகவே செயல்படுவது இதன் தனிச்சிறப்பு. 2008இல் ஐ.நா. அமைதித் தூதராக நியமிக்கப்பட்டார்.