கொழும்பில் மத்தியதரைக் கடலின் சுவடுகள்

பழைய நகரங்களைக் காணவேண்டும் என்னும் ஆவல் கொண்டோர் கடல் கடந்து செல்கின்றனர். மோல்ட்டாத் தீவின் கோட்டை மதில்களையும், சிசிலியின் கோயில் தூண்களையும், அலெக்சாந்திரியாவின் துறைமுகத்தையும் கண்டு மீள்வோர் அவற்றைப் பல்லாண்டு நினைவிற் கொண்டு பேசுவர். ஆயின், அந்நாடுகளின் சுவடுகள் தாம் நாள்தோறும் நடந்து செல்லும் தெருக்களிலேயே பதிந்து கிடப்பதை அவர்களிற் பலர் அறியார். தெமட்டகொடையிற் புறப்பட்டு, மருதானை வழியாகப் புறக்கோட்டையை அடைந்து, அங்கிருந்து வுல்பெண்டால் மேடேறிக் கொட்டாஞ்சேனைக்கும் கொச்சிக்கடைக்கும் செல்லும் ஒருவர், ஒரு பகற்பொழுதுக்குள் மத்தியதரைக் கடலின் பல கரைகளைத் தொட்டுவிடலாம்.

இத்தொடர்பு நேற்று முளைத்ததன்று. உரோமப் பேரரசனாகிய கிளோடியசு கி.பி. 41 முதல் 54 வரை ஆண்டவன். அவன் காலத்து நிகழ்ச்சி ஒன்றைப் பிளினி என்னும் உரோம அறிஞர் எழுதி வைத்துள்ளார். செங்கடற் பகுதியில் வரி அறவிடும் உரிமை பெற்றிருந்த ஒருவரின் பணியாளன் சென்ற கலம் காற்றில் அகப்பட்டு, பதினைந்தாம் நாள் இலங்கைக் கரையை அடைந்தது. இந்நாட்டு மன்னன் அவனை ஆறு திங்கள் வரை விருந்தினனாக வைத்து ஆதரித்தான். அவனிடம் இருந்த உரோம நாணயங்களைக் கண்ட மன்னனுக்கு ஒரு வியப்பு. நாணயங்களிற் பொறித்த முகங்கள் வெவ்வேறு பேரரசர்களுடையவை. ஆயினும் அவற்றின் நிறை ஒன்றாகவே இருந்தது. முகங்கள் மாறியும் நிறை மாறாத நாணயத்தை வழங்கும் மக்கள் நேர்மையுடையோராதல் வேண்டும் என்று கருதிய மன்னன், நால்வரைத் தூதராக உரோமுக்கு அனுப்பினான் என்பது பிளினி கூறும் செய்தி. நாணயம் என்னும் தமிழ்ச்சொல் காசினையும் நேர்மையினையும் ஒருங்கே குறிப்பது. அம்மன்னனின் தீர்ப்பு அச்சொல்லுக்கு ஓர் உரை போல் அமைந்துள்ளது.

பல நூற்றாண்டுகள் கழிந்தபின், மத்தியதரைக் கடலின் மேற்கு வாயிலில் உள்ள தாஞ்சியர் நகரிற் பிறந்த இபுன் பதூதா 1344 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தார். புத்தளப் பகுதியில் ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு அவரது விருந்தோம்பலைப் பெற்றார். மன்னர் பாரசீக மொழியை விளங்கிக்கொண்டதையும், தம்மைச் சிவனொளிபாத மலைக்கு வழித்துணையுடன் அனுப்பியதையும் அவர் நன்றியோடு குறிப்பிடுகிறார். மலையிலிருந்து திரும்பும் வழியில் அவர் கண்ட ஊர்களுள் ஒன்று கலன்பூ. இலங்கைத் தீவின் அழகிய பெருநகரங்களில் ஒன்று என்று அவர் புகழ்ந்த அவ்வூரே கொழும்பு. கடலுக்குத் தலைவன் எனப்பட்ட ஜாலஸ்தி என்பவன் ஏறக்குறைய ஐந்நூறு அபிசீனிய வீரருடன் அங்கு இருந்தான் என்றும் அவர் எழுதுகிறார். போர்த்துக்கேயர் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே கொழும்பு பல நாட்டவர் கூடிய துறையாய் இருந்தது என்பதற்கு இது சான்று.

இனி, தெமட்டகொடையிலிருந்து புறப்படலாம். புகையிரத இயந்திரங்கள் இளைப்பாறும் கொட்டகைகளும் கால்வாயும் நெருங்கிய குடியிருப்புகளும் உள்ள இவ்வூரைத் தொன்மையான இடம் என்று கருதி எவரும் காண வருவதில்லை. இங்கிருந்து சிறிது தூரம் மேற்கே சென்றால் மருதானைப் பள்ளிவாசலும் ஸாஹிராக் கல்லூரியும் தோன்றும். அக்கல்லூரியின் வரலாறு நைல் நதிக் கரையிலே தொடங்குகிறது.

எகிப்து நாட்டிற் பிறநாட்டார் ஆதிக்கத்தை எதிர்த்தெழுந்த படைத்தலைவர் அகமது அராபி பாஷா. 1882 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பிரித்தானியக் கடற்படை அலெக்சாந்திரியாவைப் பீரங்கியாற் தாக்கியது. செப்டெம்பரில் தெல் எல் கபீர் என்னும் இடத்தில் அராபியின் படை தோல்வியுற்றது. அவருக்கு விதிக்கப்பட்ட மரணதண்டனை நாடுகடத்தலாக மாற்றப்பட்டது. 1883 ஆம் ஆண்டு ஜனவரியில் அவரும் அவருடைய தோழர் அறுவரும் கொழும்பில் வந்திறங்கினர். தோல்வியுற்ற தலைவரை இலங்கை முஸ்லிம்கள் வெற்றி வீரரைப் போல் வரவேற்றனர்.

அந்நாளில் இலங்கை முஸ்லிம் மக்களின் கல்விக்காக உழைத்தவர் சித்திலெப்பை அவர்கள். 1882 இல் 'முஸ்லிம் நேசன்' என்னும் பத்திரிகையைத் தொடங்கிய அப்பெரியார், 1885 இல் வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை' ஈழத்துத் தமிழ் நாவல்களுள் முந்தியது. அதன் கதாநாயகன் எகிப்து நாட்டவன். இலங்கையின் தமிழ் நாவல் முதலடி எடுத்து வைத்தபோதே அதன் பார்வை மத்தியதரைக் கடலை நோக்கியிருந்தது என்பது நினைக்கத்தக்கது. சித்திலெப்பையும், கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரைக்காரும், அராபி பாஷாவின் ஊக்கத்தைத் துணையாகக் கொண்டு 1892 இல் மருதானையில் ஸாஹிராவைத் தோற்றுவித்தனர். பாஷாவும் தோழரும் அணிந்த சிவந்த துருக்கித் தொப்பியும் இந்நாட்டு முஸ்லிம்களிடையே பரவியது. அத்தொப்பியுடன் நீதிமன்றில் வாதாட ஒரு வழக்கறிஞருக்கு அனுமதி மறுக்கப்பட்டபோது, 1905 ஆம் ஆண்டின் இறுதி நாளன்று மருதானைப் பள்ளிவாசலிற் பெருங்கூட்டம் கூடி உரிமை கோரியது. அராபி பாஷா 1901 இல் தாயகம் திரும்பி, 1911 இல் மறைந்தார். அவரை நாடுகடத்தியோர் அவரது குரலை அடக்க எண்ணினர். அக்குரல் மருதானையில் ஒரு கல்விக்கூடமாயிற்று.

புறக்கோட்டையிற் செந்நிறமும் வெண்ணிறமும் மாறி மாறி அமைந்த சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலைக் கடந்து வடகிழக்கே மேடேறினால், ஒல்லாந்தர் கட்டிய வுல்பெண்டால் தேவாலயத்தை அடையலாம். 1749 இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1757 இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட இக்கட்டடத்தின் சுவர்கள் ஏறத்தாழ ஐந்தடிப் பருமனுடையவை. நான்கு கைகளும் ஒத்த நீளமுடைய கிரேக்கச் சிலுவையின் வடிவில் இது அமைந்துள்ளது. வுல்பெண்டால் என்பது ஒல்லாந்த மொழியில் ஓநாய்ப் பள்ளத்தாக்கு எனப் பொருள்படும். இலங்கையில் ஓநாய் ஏது? போர்த்துக்கேயர் காலத்தில் அம்மேட்டில் இருந்த குவாடலூப்பே அன்னையின் ஆலயப் பெயரிலே, ஓநாயைக் குறிக்கும் இலத்தீன் வேரின் ஓசையைக் கேட்டு ஒல்லாந்தர் இவ்வாறு மாற்றினர் என்பர் சிலர். ஆங்கு ஊளையிட்ட நரிகளை ஓநாய் என மயங்கினர் என்பர் வேறு சிலர். 1813 இல் கோட்டையிலிருந்த பழைய ஒல்லாந்தத் தேவாலயத்திற் புதைக்கப்பட்டோரின் எச்சங்கள் தீவட்டி வெளிச்சத்தில் ஊர்வலமாக இங்கே கொண்டுவரப்பட்டன. கட்டியோரின் மொழி அங்கே ஒலிப்பது நின்றுவிட்டது. தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒலிக்கின்றன.

ஒல்லாந்தர் தம் மதத்தைத் தவிரப் பிற மதங்களைப் பெரிதும் ஒடுக்கினர்; கத்தோலிக்கர் மறைவாகவே வழிபட்டனர். இந்நிலையை மாற்றிய ஆணை ஒன்று 1806 இல் பிறந்தது. அதனைப் பிறப்பித்தவர் ஆங்கிலத் தேசாதிபதியாகிய சேர் தோமஸ் மெயிற்லண்ட். யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமைக்கும் முஸ்லிம்களின் வழக்கச் சட்டத் தொகுப்புக்கும் சட்ட வலிமை கிடைத்ததும் அதே ஆண்டில், அவர் ஆட்சியிலேயே ஆகும். ஒவ்வொரு சமூகமும் தன் வழக்கோடு வாழலாம் என்பதை அவ்வாண்டின் ஆணைகள் ஒப்புக்கொண்டன. கல்கிசையிற் கடலோரத்தே மாளிகை எழுப்பிய இவர், பின்னர் 1813 முதல் மோல்ட்டாவை ஆண்டு, அத்தீவிலேயே 1824 இல் காலமானார். கோர்பு என்னும் கிரேக்கத் தீவில் அவர் பெயரால் எழுந்த வட்ட மண்டபம் இன்றும் நிற்கிறது. மோல்ட்டாவுக்குச் செல்லும் இலங்கையர், தம் தாயகத்தின் சட்டநூலிற் பெயர் பதித்த ஒருவரின் ஆட்சித் தடத்தை அங்கும் காண்பர்.

கொட்டாஞ்சேனையில் வானளாவும் கவிகை மாடத்துடன் நிற்பது புனித லூசியா பேராலயம். லூசியா சிசிலித் தீவின் சிராக்கூசா நகரில் உயிர்த்தியாகம் செய்த கன்னி. 1873 இல் இன்றைய பேராலயத்தைக் கட்டத் தொடங்கிய ஆயர் சில்லானி இத்தாலியர். சற்றே அப்பால், கொச்சிக்கடையில், லிசுபனிற் பிறந்து இத்தாலியின் பாதுவா நகரில் 1231 இல் மறைந்த புனித அந்தோனியாரின் திருத்தலம். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே மெழுகுதிரி ஏற்றுவோரிற் கத்தோலிக்கர் மட்டுமன்றி இந்துக்களும் பௌத்தர்களும் உளர். அதற்கு அண்மையிலே கருங்கல்லாலான பொன்னம்பலவாணேசர் கோயில். பொன்னம்பல முதலியார் நிறுவிய அதனைச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் கருங்கற் பணியாகப் புதுக்கினார். கொட்டாஞ்சேனைத் தீபதுத்தமாராமய விகாரையில் 1885 ஆம் ஆண்டு வெசாக் நாளிற் பௌத்தக் கொடி முதன்முதலாக ஏற்றப்பட்டது.

லூசியாவின் சிராக்கூசாவில் ஒரு பேராலயம் உண்டு. கிறித்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டிற் கிரேக்கர் அதீனா தேவிக்கு எழுப்பிய கோயில், பின்னர் கிறித்தவ ஆலயமாயிற்று. அராபியர் நகரைக் கைப்பற்றிய பின் பள்ளிவாசலாயிற்று. நோர்மானியர் காலத்தில் மீண்டும் கிறித்தவ ஆலயமாயிற்று. கிரேக்கத் தூண்கள் இன்றும் அதன் சுவரிற் புதைந்து தோன்றுகின்றன. அங்கே ஒரே நிலத்தில் ஒரு சமயத்தின் மேல் மற்றொரு சமயம் அடுக்கப்பட்டது. இலங்கையும் அத்தகைய செயலை அறியாததன்று. திருக்கோணேச்சரத்தைத் தகர்த்த போர்த்துக்கேயர் அதன் கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தினர். ஆயின் கொட்டாஞ்சேனை காலப்போக்கிற் கண்ட வழி வேறு. ஒன்றின் மேல் ஒன்றாக அன்றி, ஒன்றன் அருகே ஒன்றாக அங்கே திருத்தலங்கள் நிற்கின்றன.

அருகருகே நிற்றல் எளிதன்று என்பதையும் அவ்வூரின் வரலாறே கூறும். அராபி பாஷா வந்திறங்கிய 1883 ஆம் ஆண்டு மார்ச் மாதம், உயிர்த்த ஞாயிறன்று, தீபதுத்தமாராமயவை நோக்கிச் சென்ற பௌத்த ஊர்வலத்துக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே கொட்டாஞ்சேனையிற் கலகம் மூண்டது. சரியாக ஒரு நூற்றாண்டின் பின், 1983 ஜூலையில், கொழும்புத் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. அயலவர் வீடுகளில் ஒளித்து உயிர் தப்பியோரும் உண்டு, தப்பாதோரும் உண்டு. 2019 ஏப்ரல் 21 ஆம் நாள், மீண்டும் ஓர் உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தினுள்ளே குண்டு வெடித்தது. அன்று நாட்டின் பல இடங்களில் 250 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். தெமட்டகொடையில் ஒரு வீட்டில் நிகழ்ந்த வெடிப்பிற் பொலிஸார் மூவர் உயிரிழந்தனர். அதன்பின் பழிக்கும் அச்சத்துக்கும் ஆளானோர், அக்குற்றத்தில் எவ்விதப் பங்கும் இல்லாத முஸ்லிம் மக்கள். ஆலயம் செப்பனிடப்பட்டு அவ்வாண்டு ஜூன் மாதம் மீண்டும் திறக்கப்பட்டது. சுவரைச் செப்பனிட இரண்டு திங்கள் போதுமாயிருந்தன. அயலவர் நம்பிக்கையைச் செப்பனிடுதற்கு அத்தகைய கால அளவு இல்லை.

மத்தியதரைக் கடலின் துறைமுகங்கள் இவ்விடத்தில் ஒரு பாடம் புகட்டுகின்றன. கிரேக்கரும் ஆர்மீனியரும் துருக்கியரும் யூதரும் கலந்து வாழ்ந்த சிமிர்னா நகரின் பெரும்பகுதி 1922 செப்டெம்பரில் எரிந்து சாம்பலாயிற்று. அக்கலப்பு வாழ்வு பின்னர் திரும்பவில்லை. அலெக்சாந்திரியாவிற் பல மொழி பேசிய மக்கள் 1956 ஆம் ஆண்டுப் போருக்குப் பின் பெருந்தொகையாக வெளியேறினர். கட்டடங்கள் எஞ்சின, ஆயின் அவற்றின் வாயிலில் நின்று பல மொழியில் வணக்கம் சொன்ன அயலவர் எஞ்சவில்லை. காண வருவோர் அங்கே நினைவுச் சின்னங்களைக் காண்கின்றனர், வாழ்வைக் காண்பதில்லை.

கொழும்பின் வடபகுதி இன்னும் அந்நிலையை அடையவில்லை. ஸாஹிராவில் மாணவர் பயில்கின்றனர். வுல்பெண்டாலில் தமிழ் வழிபாடு கேட்கிறது. அந்தோனியார் முன் இந்துப் பெண்கள் விளக்கேற்றுகின்றனர். பொன்னம்பலவாணேசர் கோயில் மணி ஒலிக்கிறது. இவற்றைக் காண்பதற்குக் கப்பற் பயணமோ கடவுச்சீட்டோ வேண்டியதில்லை. தெமட்டகொடையிற் பிறந்து வளர்ந்த பிள்ளையை ஒரு விடுமுறை நாளிற் கையிற் பிடித்து அழைத்துச் சென்று, இது இன்னார் கட்டியது, இவர் இன்ன கடலைக் கடந்து வந்தவர் என்று சொல்லிக் காட்டுவாரே வேண்டும். அயலவன் வரலாற்றை அறிந்த பிள்ளை அவன் வாயிலில் நெருப்பை வைக்கத் துணியாது.

ஈராயிரம் ஆண்டுகட்கு முன் இந்நாட்டு மன்னன் ஒருவன் அந்நிய நாணயங்களைக் கையிலெடுத்து நிறுத்துப் பார்த்தான். முகங்கள் பலவாயிருந்தும் நிறை ஒன்றாயிருந்ததைக் கண்டு, அதனையே ஒரு நாட்டின் பெருமையாக மதித்தான். அவன் அன்று பிடித்த துலாக்கோல் இன்று கொழும்பு மக்களின் கையில் இருக்கிறது.